குமரியில் எண்ணெய்ச் சிகிச்சை விற்கும் விடுதி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி, சொத்தவிளை, முட்டம், தேங்காய்ப்பட்டணம் கடற்கரைகளிலும், திற்பரப்பு, பேச்சிப்பாறை மலையடிவாரங்களிலும் தங்கும் விடுதி நடத்தும் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

உங்கள் வரவேற்பு மேசைகளில் வைத்திருக்கும் விலை அட்டைகள்தான் இந்த மடலுக்குக் காரணம். ‘ஒரு நாள் பஞ்சகர்மா’, ‘முப்பது நிமிட வர்ம மசாஜ்’, ‘மூன்று நாளில் சர்க்கரைக்கு விடை’, ‘காலையில் சூரிய உதயம், பத்து மணிக்குச் சிரோதாரை, பதினொன்றரைக்குப் பாறைக்குப் படகு’. இவற்றில் ஒன்றுக்கும் வைத்தியத்தில் இடமில்லை. நாங்கள் இந்த மாவட்டத்தில் சித்த, ஆயுர்வேத வைத்தியமும், உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளைத் தொட்டுச் செய்யும் வர்மமும், எண்ணெய் தேய்த்து உருவிவிடும் உழிச்சலும் தொழிலாகச் செய்கிறவர்கள். உங்கள் அட்டையை நம்பிப் பணம் கட்டியவர்கள் பாதத்தில் கொப்புளத்தோடும், கழுத்தைத் திருப்ப முடியாமலும், பேதி நிற்காமல் நாக்கு வறண்டும் கடைசியில் எங்கள் திண்ணைக்குத்தான் வருகிறார்கள். இனியும் பேசாமல் இருக்க முடியாது.

உடல்நலத்துக்காக ஊர்விட்டு ஊர் வருகிறவர்கள் பெருகுவதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். 2023 ஜூலையில் இந்திய அரசு ஆயுர்வேதம், சித்தம் உள்ளிட்ட ஆயுஷ் சிகிச்சைக்கென்றே தனி விசா வகையை அறிவித்தது. கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வர்மத்துக்கு இந்த மாவட்டம் தாய்வீடு. இரண்டு பருவமழையும் நனைக்கிற மண் இது. வெளியூர்க்காரர்கள் தேடி வரத்தான் செய்வார்கள். நீங்களோ சிகிச்சையிலிருந்து நாட்களை எடுத்துவிட்டீர்கள், பத்தியத்தை எடுத்துவிட்டீர்கள், வைத்தியரையும் எடுத்துவிட்டீர்கள். மிச்சமிருக்கும் பெயரை மட்டும் விற்கிறீர்கள்.

ஞவரக்கிழியை, அதாவது வேகவைத்த ஞவரை அரிசியைத் துணியில் பொதிந்து உடம்பில் தேய்ப்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அட்டைகளில் அதிகம் தென்படுவது அதுதான். முறைப்படி ஒருவருக்கு ஒரு வேளைக்கு அறுபது நாளில் விளையும் ஞவரை அரிசி 500 கிராம், குறுந்தோட்டி வேர் 750 கிராம் வேண்டும். வேரைக் கழுவி இடித்து, 12 லிட்டர் தண்ணீரில் போட்டு, 3 லிட்டராக வற்றவைக்க வேண்டும். அதில் பாதிக் கஷாயத்தோடு ஒன்றரை லிட்டர் பசும்பால் சேர்த்து, அரிசியைக் களி பதத்துக்கு வேகவைக்க வேண்டும். மீதிக் கஷாயமும் இன்னொரு ஒன்றரை லிட்டர் பாலும் கிழியை முக்கிச் சூடேற்றுவதற்கு. ஒன்றரை அடிச் சதுரத்தில் எட்டுத் துணிகள், எட்டுக் கிழிகள். நான்கு கிழி உடம்பில் ஓடும்போது நான்கு கிழி பாத்திரத்தில் சூடேறிக்கொண்டிருக்கும். இரண்டு பேர் இரு பக்கமும் நின்று, ஒரே வேகத்தில், முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தேய்க்க வேண்டும். அடுப்பைப் பார்க்க மூன்றாவது ஆள் வேண்டும். அப்புறம் உடம்பில் ஒட்டிய களியை வழித்து, துடைத்து, எண்ணெய் பூசி, படுக்கவைத்து, வெந்நீரில் குளிக்கவைப்பது வேறு வேலை.

கஷாயம் வற்றுவதற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பத்து மணிக்குப் பணம் கட்டியவருக்குப் பத்தரைக்குக் கிழி வைக்கிறீர்கள் என்றால், அது நேற்றைய கஷாயம், அல்லது கஷாயமே இல்லை. பச்சரிசியையும் பாக்கெட் பாலையும் காய்ச்சித் துணியில் கட்டிக் கொடுப்பதற்கு ஞவரக்கிழி என்று பெயர் கிடையாது. அதைவிட மோசம், மிச்சமான பால் கலவையை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சூடாக்குவது. பாலும் கஞ்சியும் சேர்ந்தது நம் ஊர் வெக்கையில் சில மணி நேரத்தில் புளித்துவிடும். தோலில் கீறலோ சிரங்கோ உள்ளவர் மேல் அதைத் தேய்த்தால் சீழ் வைக்கும். அன்றைய கிழி அன்றைக்கே குப்பைக்குப் போக வேண்டும்.

கிழியின் சூட்டை உழிச்சல்காரர் தன் புறங்கையில் வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்தவர் உடம்பில் வைக்க வேண்டும். ‘சூடு போதுமா சார்’ என்று படுத்திருப்பவரிடம் கேட்டுக் கேட்டு ஏற்றுவது ஆபத்து. பல வருடமாகச் சர்க்கரை உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். ‘இன்னும் கொஞ்சம் இருக்கலாம்’ என்றுதான் சொல்வார். மறுநாள் செருப்பு மாட்டும்போதுதான் கொப்புளம் தெரியும். அது ஆறாத புண்ணாகி விரலை எடுக்கும் நிலைவரை போகக்கூடும். சர்க்கரைக்கு விடை என்று கூப்பிட்ட இடத்திலேயே இது நடக்கிறது.

அடுத்தது தாரை, அதாவது நெற்றியில் எண்ணெயை ஒழுகவிடும் சிரோதாரை. ஒருவருக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் எண்ணெய் வேண்டும். தாரைப் பாத்திரத்தின் திரி நெற்றிக்கு நான்கு விரல் உயரத்தில் நிற்க வேண்டும். உயரம் கூடினால் எண்ணெய் நெற்றியில் தட்டி விழும், தலைவலிதான் மிஞ்சும். புருவத்துக்கு மேல் துணி நாடா கட்டிக் கண்ணைக் காக்க வேண்டும், காதில் பஞ்சு வைக்க வேண்டும். எண்ணெயின் சூடு ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒன்றுபோல் இருக்க வேண்டும். முடிந்ததும் ஓய்வு வேண்டும். அன்றைக்கு வெயில், காற்று, ஏசி, பகல் தூக்கம், கடல் குளியல் எதுவும் ஆகாது. நீங்களோ தாரை முடிந்த ஈரத் தலையோடு அவரைப் படகுத்துறை வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். முனையில் அடிக்கிற காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. நீர்க்கோவையும் பிடரி வலியும் வந்து, ‘எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று ஊருக்குப் போய்ச் சொல்கிறார். பழி எண்ணெய்க்கு.

எண்ணெயைப் பற்றி இன்னொன்று. ஏழு நாள் தாரைக்கும், துணியில் முக்கிய எண்ணெயை உடம்பில் பிழிந்து தேய்க்கும் பிழிச்சலுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. எண்ணெயை இரண்டாகப் பகுத்து, ஒரு பங்கை முதல் மூன்று நாளும், மறு பங்கை அடுத்த மூன்று நாளும், ஏழாம் நாள் இரண்டையும் கலந்தும் பயன்படுத்திவிட்டுக் கொட்டிவிட வேண்டும். அதுவும் அதே ஆளுக்கு மட்டும். வடிந்த எண்ணெயை வடிகட்டி அடுத்த அறைக்கு எடுத்துப் போகச் சொல்கிற விடுதிகள் உண்டு என்று அங்கே வேலை செய்யும் பிள்ளைகளே எங்களிடம் சொல்கிறார்கள். ஒருவர் தலையிலிருந்த பொடுகும் படையும் வியர்வையும் அடுத்தவர் தலைக்குப் போகிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சிக்கு வாடை வரும், நிறம் கறுக்கும், தோலில் அரிப்பு கிளம்பும். வாடையை மறைக்க வாசனைத் தைலம் சேர்ப்பது அரிப்பைக் கூட்டத்தான் செய்யும். உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எதுவுமில்லாத கேன் எண்ணெய் உங்கள் அலமாரிகளில் நிற்கிறது. குளியலறைத் தண்ணீரோடு ஓடுகிற எண்ணெய் ஓடைக்கும் குளத்துக்கும்தான் போய்ச் சேர்கிறது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வர்மத்துக்கு வருவோம். எங்களை அதிகம் வருத்துவது இதுதான். வர்மங்கள் 108. அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அதைவிட வீரியம் குறைந்த தொடுவர்மம் 96. ஒவ்வொன்றுக்கும் எந்த விரல், எந்தத் திசை, எத்தனை மாத்திரை, அதாவது எந்த அளவு, அழுத்தம் என்று கணக்கு உண்டு. கால், அரை, முக்கால், ஒன்று என்று மாத்திரை ஏறும். தவறிப் பட்டால் எந்த அடங்கலை, அதாவது பாதிப்பை மீட்கும் புள்ளியை, தொட்டு இளக்க வேண்டும் என்று தெரிந்த கைதான் அந்த இடத்தை முதலில் தொடலாம். ஆசான் பக்கத்தில் வைத்து, ஆளைப் பார்த்து, பல ஆண்டு பழக்கிக் கொடுப்பது இது. உங்கள் அறைகளில் வீடியோ பார்த்துப் பழகிய பையன்கள் பிடரியிலும் காதை ஒட்டிய செவிக்குற்றியிலும் கட்டைவிரலை ஊன்றுகிறார்கள். கழுத்தைப் பிடித்துச் சட்டென்று திருகிச் சத்தம் வரவைத்துவிட்டு, அதற்கு வர்மம் என்று பெயர் வைக்கிறார்கள். கழுத்துக்குள் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் ஓடுகின்றன. வேகமாகத் திருகும்போது நாளத்தின் உட்சுவர் கிழியலாம், கிழிந்த இடத்தில் ரத்தம் உறையலாம், அந்த உறைகட்டி மேலே போனால் பக்கவாதம். அபூர்வமாகத்தான் நடக்கும், ஆனால் நாற்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் நடக்கும். பாறை பார்க்க வந்தவரை அப்படி ஊருக்கு அனுப்பப் போகிறீர்களா?

‘ஒரு நாள் பஞ்சகர்மா’ பற்றிப் பேச அதிகம் இல்லை, ஏனென்றால் அது நடக்க முடியாத காரியம். வாந்தி, பேதி, ஆசனவாய் வழியாக மருந்து ஏற்றும் வஸ்தி, மூக்கில் மருந்து விடும் நசியம் என்று போகும் அந்த முறையில், பேதிக்கு முன்னால் மூன்று முதல் ஏழு நாள் நெய் குடிக்கவைத்து, வேது பிடித்து, உடம்பை இளக்க வேண்டும். பேதிக்குப் பிறகு கஞ்சியிலிருந்து ஒவ்வொரு படியாகச் சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். சித்த முறையிலும் முதல் நாள் பேதி, இரண்டாம் நாள் ஓய்வு, அதன்பிறகே எண்ணெய். உங்கள் ஒரு நாள் திட்டத்தில் காலையில் பேதி மருந்தும் மதியம் நீராவிப் பெட்டியும் வருகின்றன. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் எழுபது வயதுக்காரரின் உடம்பிலிருந்து மூன்று வழியாகவும் நீரும் உப்பும் போனால், எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவார். எண்ணெய் படிந்த வழுக்குத் தரையில் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். சிகிச்சை அறையில் அடிக்கடி நேர்கிற விபத்து வழுக்கி விழுவதுதான். மேசையிலிருந்து இறங்க ஒரு படி, சுவரில் ஒரு பிடிகம்பி, தரையில் கயிற்றுப் பாய், ஒவ்வொருவருக்குப் பிறகும் பயற்றமாவோ சோப்போ போட்டுத் தேய்த்த தரை. இவ்வளவுதான் செலவு. எத்தனை விடுதிகளில் இருக்கிறது?

வருகிறவர் எப்படி வந்தார் என்றும் நீங்கள் கேட்பதில்லை. திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாளைக்கு மேல் ஓடிவருகிறது. அத்தனை நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வந்தவருக்கு இரண்டு காலும் லேசாக வீங்கியிருந்தால் பெரும்பாலும் பயணக் களைப்பு. ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதை சூடாக, தொட்டால் வலியாக இருந்தால் அது உள்நாளத்தில் ரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அந்தக் காலை அழுத்தி உழிந்தால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே பறிக்கலாம். அவரை எண்ணெய் மேசையில் ஏற்றக்கூடாது, நேரே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள இரண்டு காலையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் போதும், ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்கு உங்கள் விடுதியில் யாரும் பொறுப்பில்லை.

உழிச்சல் செய்யும் பிள்ளைகளின் கையையும் பாருங்கள். தொக்கணத்தில், அதாவது சித்த முறை உழிச்சலில், தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது விதம். முழு உடம்புக்கு முறைப்படி செய்தால் ஒரு மணி நேரம். சீசனில் ஒரே ஆளை ஒரு நாளைக்கு ஏழு எட்டுப் பேருக்கு நிற்கவைக்கிறீர்கள். நான்காவது ஆளுக்குப் பிறகு கட்டைவிரல் மூட்டு பிடித்துக்கொள்ளும், அழுத்தம் தப்பும். தலைக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பதால் அவர்களும் நிறுத்தமாட்டார்கள். ஆண் விருந்தினர் அறைக்குப் பெண்களை அனுப்புகிற வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் சுற்றுலாத் துறை ஆயுர்வேத நிலையங்களைத் தரம் பிரித்து கிரீன் லீஃப், ஆலிவ் லீஃப் என்று சான்று கொடுக்க ஆரம்பித்தபோதே பட்டம் பெற்ற மருத்துவரின் மேற்பார்வையும், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்ற ஒழுங்கும் அடிப்படை விதிகள். கேரளா ஆயுர்வேதம் என்று போர்டு வைக்கிற நீங்கள் அந்த விதியை மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருகிறீர்கள்.

உங்களுக்கு நட்டம் வராதா என்று கேட்பீர்கள். வராது. எண்ணெய்ச் சிகிச்சைக்கு உகந்த காலம் வெயில் தணிந்து சாரல் விழும் ஆனியும் ஆடியும். ஆடி அமாவாசைக் கூட்டத்தை விட்டால், உங்கள் அறைகள் காலியாகக் கிடக்கிற மாதங்களும் அவைதான். ஐயப்ப சீசனில் ஓர் இரவுக்கு வருகிறவரிடம் அரை மணி மசாஜ் விற்பதற்குப் பதில், மழைக்காலத்தில் ஏழு நாளோ பதினான்கு நாளோ தங்குகிறவருக்கு அறையைக் குறைந்த வாடகைக்குக் கொடுங்கள். சமையலும் எளிது. சம்பாக் கஞ்சி, சிறுபயறு, சுட்ட பப்படம், இலைக்கறி, மட்டிப்பழம். நம் மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மீன் வறுவலும் பரோட்டாவும் நிரம்பிய பஃபேக்கு ஆகும் செலவில் பாதிகூட ஆகாது. சிகிச்சை எத்தனை நாளோ, அத்தனை நாள் வீட்டிலும் பத்தியம் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினால், குணம் தெரிந்து அவரே அடுத்த ஆடிக்கு இன்னொருவரைக் கூட்டி வருவார்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

முதலில் அட்டையைத் திருத்துங்கள். வெறும் களைப்பு நீக்க எண்ணெய் தேய்த்துவிடுவதென்றால் ‘எண்ணெய்த் தேய்ப்பு, ஒரு மணி நேரம்’ என்று எழுதுங்கள், அதில் தப்பே இல்லை. பஞ்சகர்மா, வர்மம், சிகிச்சை என்ற சொற்களை எழுதினால் சித்த மருத்துவப் பட்டமான பி.எஸ்.எம்.எஸ். அல்லது ஆயுர்வேதப் பட்டமான பி.ஏ.எம்.எஸ். படித்த மருத்துவர் ஒருவர் அங்கே இருந்து பார்க்க வேண்டும், 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி இடத்தைப் பதிவு செய்ய வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், பருமன், பக்கவாதம், வாதம் குணமாகும் என்கிற வரிகளை உடனே எடுத்துவிடுங்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் ஆட்சேபகர விளம்பரச் சட்டம் அதைத் தடுக்கிறது.

எண்ணெய் தொடுவதற்கு முன் ஒரு பக்கத் தாளில் கேட்டு எழுதி, வருகிறவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வயது, கர்ப்பம், காய்ச்சல், சர்க்கரை, இதயத்தில் ஸ்டென்ட், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, ஆறு மாதத்துக்குள் நடந்த அறுவை, பாத உணர்ச்சி, தோல் புண், ஒரு கால் வீக்கம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம். ரத்த அழுத்தத்தைக் கருவியில் பார்த்து அதே தாளில் குறியுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகாதவரைப் படுக்கவைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்கு அனுப்புங்கள். மயக்கம், நெஞ்சுவலி, ஒரு பக்கம் இழுப்பு என்றால் எண்ணெய் துடைக்கக்கூடக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கழுத்தைத் திருகிச் சத்தம் எழுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். பேதி மருந்தையும் வாந்தி மருந்தையும் மருத்துவர் இல்லாத விடுதியில் வைத்திருக்கவே கூடாது. ஒருவர் உடம்பில் பட்ட எண்ணெயும் கிழியும் இன்னொருவருக்குப் போகக் கூடாது. ஆளுக்கொரு குப்பி, அதன்மேல் அறை எண்ணும் தேதியும். கழிவு நீர்க் குழாயில் எண்ணெய் தங்கும் தொட்டி கட்டுங்கள்.

உழிச்சல் செய்பவருக்கு ஒரு நாளைக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம். மாதச் சம்பளம் கொடுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பதை வரவேற்பிலேயே எழுதி மாட்டுங்கள், அறைக்குள் உழிச்சல் செய்பவர் கைக்கு எட்டும் இடத்தில் அழைப்பு மணி வையுங்கள்.

பிள்ளைகளைப் பழக்க ஆள் இல்லை என்றால் எங்களிடம் அனுப்புங்கள். வருகிறவரிடம் விவரம் கேட்டு எழுதுதல், சூடு பார்த்தல், கிழி கட்டுதல், எதைத் தொடக்கூடாது என்பது எல்லாவற்றையும் கட்டணமில்லாமல் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனி முதல் தேதிக்குள் திருத்திய அட்டையின் நகல் ஒன்றை எங்களுக்குக் கொடுங்கள். அதற்குப் பிறகும் பழைய அட்டை மேசையில் இருந்தால், அதைப் படமெடுத்து மாவட்ட சித்த மருத்துவ அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுப்போம்.

இப்படிக்கு,
குமரி மாவட்டத்தில் வைத்தியமும் வர்மமும் உழிச்சலும் செய்கிறவர்கள்